ஒரு படித் தவிடு

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் காசு வாங்கும் டாக்டர் ஒருவரிடம் ஆறு வருஷம் மருந்து கலக்கினேன். பிறகு ஜில்லா போர்டில் வேலை கிடைத்து, நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகும் சாலையில் ஒரு ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து அங்கேயும் மருந்து கலக்கினேன். இரண்டு இடத்திலும் காய்ச்சலுக்கு ஒரே மருந்துதான். கசப்பில்கூட வித்தியாசம் கிடையாது. செவ்வாய்ப்பேட்டையில் அதில் நாலு சொட்டு சிவப்புச் சாயம் விடுவோம். இங்கே சாயத்துக்கு சாங்ஷன் இல்லை. சிவப்பு மருந்தைக் குடித்தவன் மறுநாளே எழுந்து நடந்தான். எங்கள் வெள்ளை மருந்தை வாங்கியவன், வாசலைத் தாண்டியதும் வேலியோரத்தில் ஊற்றிவிட்டு, பாட்டிலை மட்டும் பத்திரமாக மடியில் கட்டிக்கொண்டு போனான். எங்கள் வேலியைப்போல மலேரியா அண்டாத வேலி ஜில்லாவிலேயே இருந்திருக்காது.

இத்தனைக்கும் காரணம் ஒரு பெயர். போர்டில் 'லோகல் பண்டு ஆஸ்பத்திரி' என்று எழுதியிருந்தது. ஜனங்கள் சொன்னது 'தருமாஸ்பத்திரி'. தருமத்துக்குக் கொடுக்கிற மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பவர்கள் தருமத்துக்குக் கொடுக்கிற மருந்தை நம்புவார்களா? அதிலும் அந்தப் பக்கத்துக் குடியானவர்கள் வைராக்கியம் பிடித்தவர்கள். கொடுத்துப் பழகின கை, வாங்க நீளாது. நானும் ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி வாய் ஓய்ந்தேன். 'இது தருமம் இல்லை ஐயா, நீங்கள் கட்டுகிற வரிப்பணம்' என்பேன். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு நேராக வேலியோரம் போவார்கள்.

அந்த ஆஸ்பத்திரியில் டாக்டர் ஒருவர், நான், மருத்துவச்சி சௌந்திரம், ஒரு தோட்டி, அவ்வளவுதான் ஆட்கள். சௌந்திரத்துக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. பதினோரு வயதில் கல்யாணம். பன்னிரண்டாவது வயதில் பிளேக் வந்து புருஷன் போனான். அண்ணன்காரன் புண்ணியவான், தங்கையை மூலையில் உட்கார வைக்காமல் சேலத்துக்கு அனுப்பிப் பிரசவம் பார்க்கப் படிக்க வைத்தான். எங்களிடம் வந்த எட்டு வருஷத்தில் அவள் கையில் முந்நூற்றுச் சொச்சம் குழந்தைகள் பிறந்திருந்தன. ஒவ்வொன்றையும் துடைத்து, துணியில் சுற்றி, தாய் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வருவாள். எதையும் கொஞ்சிப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அப்படிப்பட்டவள்மேல் யாரோ மொட்டை மனு போட்டிருந்தார்கள். பிரசவத்துக்குப் பிரசவம் அரிசி வாங்குகிறாள், பருப்பு வாங்குகிறாள் என்று. சௌந்திரம் பதில் எழுதினாள். நான்தான் காகிதம் கொடுத்தேன். 'இந்நாள்வரை நான் யாரிடமும் ஒரு மணி தானியம்கூடப் பெற்றதில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, மையைக் காய வைக்க ஊதிக்கொண்டே என்னிடம் நீட்டினாள். பரீட்சை எழுதிய பிள்ளையின் முகம்போல இருந்தது. அது உண்மை என்று எனக்குத் தெரியும். வெற்றிலைகூட வாங்கமாட்டாள்.

விசாரணைக்கு ஒரு அதிகாரி சேலத்திலிருந்து வரப்போவதாகத் தாக்கீது வந்தது. முப்பத்தெட்டாம் வருஷம் கார்த்திகை மாதம், ஒரு வியாழக்கிழமை, பிற்பகல் மூன்று மணி என்று நாள் குறித்திருந்தார்கள். அன்றைக்கென்று டாக்டருக்குக் கோர்ட்டில் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. நாமக்கல் போய்விட்டார்.

காலை ஏழு மணி இருக்கும். மோகனூரிலிருந்து சேலம் போகிற பஸ் எங்கள் வாசலுக்கே வந்து நின்றது. அந்தப் பாதையில் இரண்டு கம்பெனிகள் அப்போது போட்டி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தன. ஒரு நிமிஷம் தாமதித்தால் அடுத்தவன் ஆளை ஏற்றிக்கொண்டு போய்விடுவான். அந்த அவசரத்திலும் டிரைவர் சாலையை விட்டு உள்ளே திருப்பி, இன்ஜினையும் நிறுத்திவிட்டான். அதற்காக அவனை இன்றைக்கும் வாழ்த்துகிறேன்.

ராசப்பன் என்று ஒரு பண்ணையக்காரர் இறங்கினார். காவேரிக் கரையில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருப்பவர். நல்ல உயரம். கையில் ஒரு மஞ்சள் துணி முடிப்பை இறுகப் பிடித்திருந்தார்.

"ஏனுங்க, சேலம் போற வரைக்கும் தாங்காதாட்ட இருக்குதுங்க. கொஞ்சம் பாருங்க."

பஸ்ஸுக்குள்ளிருந்து அவர் சம்சாரம் பொன்னாத்தாளின் குரல் கேட்டது. வலியில் முனகிக்கொண்டே, "தருமாஸ்பத்திரியா? வேண்டாங்க. வண்டியை எடுக்கச் சொல்லுங்க, சேலத்துக்கே போயர்லாம்" என்றாள்.

சௌந்திரம் படியேறிப் போய் வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். "இன்னும் ரெண்டு மைல் போனா பஸ்ஸுலயே பொறந்துரும். எறக்குங்க" என்றாள்.

எட்டு மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல குழந்தை. நல்ல குரல். சௌந்திரம் வழக்கம்போலத் துடைத்து, சுற்றி, தாய் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தாள். பொன்னாத்தாள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நர்சம்மா, அதை என்ற பக்கத்துல வெக்காதீங்க. அது இன்னும் என்ற புள்ளை ஆகலீங்க."

பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இதற்கு முன் மூன்று பெற்றிருக்கிறாள். இரண்டு வீட்டில் பிறந்து, மாதம் திரும்புவதற்குள் போயின. மூன்றாவதை, செலவைப் பார்க்காமல் சேலத்தில் ஒரு பெரிய டாக்டரம்மாவிடம் போய்ப் பெற்றாள். அது மூன்று மாதம் இருந்து, சிரிக்கப் பழகியபின் போயிற்று. பிள்ளை தங்காத வீட்டுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. பிறந்த குழந்தையைப் பிரசவம் பார்த்தவள் தன் பிள்ளை என்று எடுத்துக்கொள்வாள். பெற்றவள் ஒரு படித் தவிட்டைக் கொடுத்து அதை விலைக்கு வாங்குவாள். பெற்ற பிள்ளையைத் தேடிக்கொண்டுதான் எமன் வருகிறானாம். தவிட்டுக்கு வாங்கின பிள்ளை அவன் கண்ணுக்குப் படாதாம்.

"சேலத்துல இந்தத் தடவை எல்லாம் பேசி வெச்சிருக்குதுங்க" என்றார் ராசப்பன், முடிப்பைத் தூக்கிக் காட்டி. "ஊட்டுத் தவிடு. கொண்டாந்தாப் போதும்னு அங்கத்த ஆயா சொல்லியிருந்துச்சுங்க. இங்க நீங்க வித்துக் குடுத்துட்டீங்கன்னா..."

சௌந்திரம் இரண்டடி பின்னால் நகர்ந்தாள்.

"இது சர்க்கார் எடமுங்க. இங்க நான் யாருகிட்டயும் எதும் வாங்கக் கூடாது. தவிடானாலும் தானியம்தானுங்க." பொன்னாத்தாளிடம் குனிந்து, "பாலைக் குடு கண்ணு. உன்ற புள்ளைதான் இது, நீதான பெத்தே" என்றாள்.

"பெத்தது நாந்தானுங்க. அதனாலதான பயப்படறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பேசினேன். செவ்வாய்ப்பேட்டையில் பார்த்ததையும் இங்கே பார்த்ததையும் கலந்து ஒரு பிரசங்கமே செய்தேன். அந்த டாக்டரம்மா சுத்தம் செய்வது எந்த மருந்தில், சௌந்திரம் சுத்தம் செய்வது எந்த மருந்தில், இரண்டும் ஒரே கம்பெனி மருந்து என்று பாட்டிலைக் கொண்டுவந்து காட்டினேன். கடைசியில் என் வழக்கமான சரக்கையும் எடுத்து விட்டேன்.

"இது இனாம் இல்லை அம்மா. உங்க வீட்டுக்காரர் வருஷா வருஷம் கட்டற வரியிலதான் இந்தக் கட்டில், இந்தத் துணி, என் சம்பளம் எல்லாம். நீ எப்பவோ விலை கொடுத்தாச்சு."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அது பூமிக்குக் கட்டுனதுங்க. புள்ளைக்குக் கட்டலீங்களே."

எட்டு வருஷமாக ஊரெல்லாம் சொல்லி வந்த நியாயம், ஒரு பச்சை உடம்புக்காரி முன்னால் படுத்துவிட்டது. சரி, நான் விற்கிறேன், நானும் இந்த ஆஸ்பத்திரி ஆள்தானே என்றேன். தொப்புள்கொடி அறுத்த கைதான் விற்க வேண்டுமாம். ஆகாது என்றாள்.

பதினோரு மணிக்குக் குழந்தை பசித்து அழ ஆரம்பித்தது. சௌந்திரம் சர்க்கரைத் தண்ணீரில் துணித்திரியை நனைத்து வாயில் வைத்தாள். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுத் துப்பியது. ஊரில் பால் கொடுக்க வேறு யாராவது கைக்குழந்தைக்காரி உண்டா என்று தோட்டியை அனுப்பினேன். எல்லோரும் கடலைக்காட்டுக்குப் போய்விட்டார்கள் என்று திரும்பி வந்தான்.

பொன்னாத்தாளை அழுத்தக்காரி என்று மனசுக்குள் திட்டிக்கொண்டே ஒரு மணிவாக்கில் உள்ளே எட்டிப் பார்த்தேன். குழந்தை வீறிடும்போதெல்லாம் கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணை மூடி, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தாள். மார்ச் சேலை நனைந்து ஈரமாயிருந்தது. அவள் அழுத்தக்காரி இல்லை. மூன்று குழிக்கு மண் தள்ளியவள் நாலாவதைக் காப்பாற்றப் பார்க்கிறாள். என் கோபமெல்லாம் அங்கேயே போயிற்று. ராசப்பன் வாசலில் நின்று முடிப்பைக் கை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

இரண்டரை மணிக்குக் குழந்தையின் சத்தம் தேய்ந்துவிட்டது. அழுகை நின்று, முனகலாக வந்தது. சௌந்திரம் அதைக் கையில் வைத்தபடி சாலையைப் பார்த்தாள், பிறகு குழந்தையைப் பார்த்தாள்.

"அண்ணா, நான் எழுதிக் குடுத்தது பொய்யாகப் போகுதுங்க."

"பொறு அம்மிணி. அரை மணிதான். அந்த ஆள் வந்துட்டுப் போகட்டும். அப்புறம் சத்தமில்லாம வாங்கிக்கலாம்."

"எப்ப வருவாரு, எப்பப் போவாருன்னு யாருக்குங்க தெரியும்? இதுக்கு இப்பப் பசிக்குதுங்கண்ணா."

உள்ளே போனாள். குழந்தையை இடது கையில் அணைத்துக்கொண்டு, வலது கையை ராசப்பனிடம் நீட்டினாள். அவர் முடிப்பைப் பொன்னாத்தாளிடம் கொடுத்தார். பொன்னாத்தாள் எழுந்து உட்கார்ந்தாள். ஆனால் உடனே கொடுக்கவில்லை.

"மொதல்ல உங்க புள்ளைன்னு சொல்லுங்க நர்சம்மா. உங்களுது இல்லாததை எப்படி விப்பீங்க?"

எட்டு வருஷமாக 'உன் பிள்ளை, உன் பிள்ளை' என்று முந்நூறு பேரிடம் சொல்லிக் கொடுத்தவள் சௌந்திரம்.

"என்ற புள்ளை" என்றாள், வாய்க்குள்ளேயே.

"கேக்கலீங்க. கொண்டு போக வாரவனுக்குக் கேக்கோணும்."

"இது என்ற புள்ளை!"

அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. அந்த அறைக்கே அது பெரிதாக இருந்தது. சொல்லிவிட்டு அவள் குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே நின்றாள். முடிப்பு நீட்டியிருக்கிறது, ராசப்பன் காத்திருக்கிறார், நான் நிற்கிறேன், அவளுக்கு நாங்கள் யாரும் தெரியவில்லை. குழந்தையின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒரு விரலால் ஒதுக்கிவிட்டாள். எனக்கு ஒரு கணம், இவள் விற்கமாட்டாள் என்றே தோன்றிவிட்டது.

பிறகு முடிப்பை வாங்கிக்கொண்டு, குழந்தையை மெதுவாக நீட்டினாள். "ஒரு படித் தவிட்டுக்கு வித்துட்டேன். இனி எனக்குப் பாத்தியமில்லை."

"வாங்கிக்கிட்டேனுங்க" என்றாள் பொன்னாத்தாள். குழந்தையை வாங்கி மாரில் சேர்த்துக்கொண்டு, சத்தம் போட்டு அழுதாள். குழந்தை குடிக்கிற சத்தம் கேட்டது.

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பினால், வாசலில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி நிற்கிறார். கார் வந்ததை நாங்கள் யாருமே கவனிக்கவில்லை. நல்ல மனுஷர். தாய் பால் கொடுப்பதைப் பார்த்ததும் வெளியே போய் மரத்தடியில் நின்றுகொண்டார்.

டாக்டர் அறையில் விசாரணை நடந்தது. நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "யாருடைய குழந்தை அது?" என்பதுதான். நான் வழக்கத்தை விளக்கிச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. சௌந்திரம் எழுதிக் கொடுத்த காகிதத்தை எடுத்து முன்னால் வைத்தார். 'ஒரு மணி தானியம்கூட' என்ற இடத்தில் விரலை வைத்தார். சௌந்திரம் மஞ்சள் முடிப்பை மேஜைமேல் வைத்தாள்.

"தவிடுங்க. இப்பத்தான் வாங்கினேன்."

அவர் முடிப்பை அவள் பக்கம் தள்ளினார். "இதைத் திருப்பிக் கொடுத்துவிடு அம்மா. நான் பார்க்கவில்லை. மனுவில் சொல்லியிருப்பது பொய் என்று எழுதிவிட்டுப் போகிறேன்" என்றார்.

நான் பெருமூச்சு விட்டேன். சௌந்திரம் அதை எடுக்கவில்லை.

"திருப்பிக் குடுத்தா வித்தது செல்லாதுங்க."

"இதையெல்லாம் நீ நம்புகிறாயா? படித்தவள்தானே?"

"நான் நம்பலீங்க. அவ நம்பறா. திருப்பிக் குடுத்தது தெரிஞ்சா மறுபடியும் செவுத்துப் பக்கம் திரும்பிக்குவா."

"அவளுக்குத் தெரியாமல் தோட்டத்தில் கொட்டிவிடு."

"வெலையா வாங்கினதுங்க. கொட்ட மாட்டேனுங்க."

அதிகாரி ராசப்பனைக் கூப்பிட்டு, மருத்துவச்சிக்கு ஏதாவது கொடுத்தாயா என்று கேட்டார். ராசப்பன் கைகட்டி நின்றார். "நாங்க எதுவும் கொடுக்கலீங்க சாமி. அவங்க புள்ளையை அவங்க வித்தாங்க, நாங்க வாங்கினோமுங்க" என்றார். அவரளவில் அது சத்தியம். ஆனால் அந்தச் சத்தியத்துக்கு விசாரணைக் காகிதத்தில் இடம் இல்லை. அதிகாரி பேனாவைத் திறந்து, 'ஒரு படித் தவிடு பெற்றதை ஒப்புக்கொண்டார்' என்று எழுதி, சௌந்திரத்திடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார். எழுதும்போது அவர் முகம் சுருங்கித்தான் இருந்தது. அதற்காக எழுதாமல் விடவில்லை.

அன்று சாயங்காலம் முழுக்க நான் சர்க்காரைத் திட்டித் தீர்த்தேன். செவ்வாய்ப்பேட்டையாக இருந்தால் டாக்டர் சிரித்துவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டிருப்பார், இங்கே தவிட்டுக்கு ஒரு பைல் என்று. திட்டி முடித்த பிறகுதான் இன்னொன்றும் புத்திக்கு எட்டியது. சேலத்து ஆயாவும் 'என்ற புள்ளை' என்று சொல்லியிருப்பாள். இவளைவிடச் சத்தமாகவே சொல்லியிருப்பாள். பேசின ரூபாயை இடுப்பில் சொருகிக்கொண்டு, தவிட்டை மாட்டுக்குக் கொட்டிவிட்டு, அடுத்த கட்டிலுக்குப் போயிருப்பாள். அவளுக்கு அதில் இழக்க ஒன்றும் இல்லை.

தை பிறந்ததும் உத்தரவு வந்தது. சௌந்திரத்துக்கு ஒரு வருஷத்துச் சம்பள உயர்வு நிறுத்தம், ஆத்தூர்ப் பக்கம் மாற்றல். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பொன்னாத்தாள் குழந்தைக்குச் சளி என்று வந்திருந்தாள். சேலத்துக்குப் போகவில்லை, எங்களிடம்தான் வந்தாள். குழந்தைக்குத் தவிட்டாயி என்று பெயர் வைத்திருந்தார்கள். கை மடிப்பு மடிப்பாக, பார்க்கிறவர்களுக்கெல்லாம் சிரிப்புக் காட்டிக்கொண்டிருந்தது. மருந்தைக் கலக்கிக் கொடுத்தேன். அவள் அதை வேலியோரம் ஊற்றவில்லை. அங்கேயே பாலாடையில் விட்டுப் புகட்டினாள். சௌந்திரம் கதவோரமாக நின்று பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்தும் சிரித்தது. தூக்கிக்கொள்ளுங்கள் என்று பொன்னாத்தாள் நீட்டினாள்.

"வேண்டாம் கண்ணு. பாத்தியமில்லைன்னு சொல்லிட்டேனல்ல" என்று சொல்லிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

புறப்படுகிற அன்று அதே பஸ், அதே டிரைவர். வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்தினான். சௌந்திரத்தின் தகரப் பெட்டியை நான் தூக்கினேன். மூடி சரியாகப் பொருந்தவில்லை. அமுக்கிப் பார்த்தேன், என்னவோ தடுத்தது. திறந்தால், சேலைகளுக்கு நடுவில் அந்த மஞ்சள் முடிப்பு.

"ஏம்மா, இன்னுமா இதை வெச்சிருக்கே? இந்நேரம் வண்டு வெச்சிருக்கும். எதாச்சும் மாட்டுக்குப் போட்டுட்டுப் போயேன்."

அவள் என் கையிலிருந்து முடிப்பை வாங்கினாள். ஓரத்தில் லேசாகச் சிந்தியிருந்ததை உள்ளங்கையால் கூட்டி உள்ளே போட்டு, முடிச்சை இறுக்கிக் கட்டினாள்.

"போட முடியாதுங்கண்ணா" என்றாள். "என்ற புள்ளையை வித்த வெலைங்க இது."

பெட்டியின் அடியில், சேலைகளுக்குக் கீழே அதை வைத்தாள். பூட்டி, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு பஸ்ஸில் ஏறினாள்.